நாலாவது வீதியின் சாய்வு

ஹரிகோவிந்த் தன்னுடைய மஞ்சள் காரை முதல்முறையாகத் தெய்வானையின் கடைக்குக் கொண்டுவந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆவாரந்தோட்டம் நாலாவது வீதி முதன்முதலாக உள்ளே சாய்ந்தது, திங்கட்கிழமை மத்தியானம் நிமிர்ந்தது, அதற்குப் பிறகு பந்தயம் இருக்கிற வாரங்களில் எல்லாம் வெள்ளிக்கிழமை சாய்வதும் திங்கட்கிழமை நிமிர்வதுமாக அந்த வீதிக்கு ஒரு வழக்கம் ஏற்பட்டுப்போனது.

தெய்வானைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. பெரிய டயர் கடை ஒன்றில் பதினோரு வருஷம், சக்கரங்களின் கோணத்தை அளக்கிற அலைன்மென்ட் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அது காட்டுகிற நம்பர்களை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள், ஒரு நாள் அந்த நம்பர்கள் எப்படி வருகின்றன என்று கீழே குனிந்து பார்க்க ஆரம்பித்து, பிறகு நிமிரவே இல்லை. வீதியின் வடக்குக் கடைசியில் சொந்தமாகக் கடை போட்டபோது மற்றவர்கள் பெயர்ப்பலகைக்கும் பெயின்டுக்கும் நாட்களைச் செலவழிப்பதுபோல் அவள் தரைக்குச் செலவழித்தாள். டியூபில் தண்ணீர் ஊற்றி நாலு மூலையிலும் மட்டம் பார்த்து, ஒரு நூல் உயர்ந்திருந்தாலும் தேய்த்து, ஒரு நூல் இறங்கியிருந்தாலும் பூசி, நாலு நாள் தவழ்ந்துகொண்டே இருந்தாள். தரை கோணலாக இருந்தால் எந்த அளவும் பொய் என்பது அவளுடைய எண்ணம்.

ஹரிகோவிந்த் பம்புசெட்டுகளுக்கு வார்ப்பு ஊற்றுகிற சின்ன ஃபவுண்டரி வைத்திருந்தான், முப்பத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. வேறு யாரோ மோதி நொறுக்கிப் போட்டிருந்த ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி மூன்று வருஷமாக நிமிர்த்தி எடுத்திருந்தான். வாரத்தில் அஞ்சு நாள் அதில்தான் குண்டும் குழியுமான ரோட்டில் ஃபவுண்டரிக்குப் போவான், சனி ஞாயிறு ஊருக்குத் தெற்கே இருக்கிற பந்தயத் தடத்தில் அதையேதான் ஓட்டுவான்.

“ஒரே கார்தானுங்க்கா. ரெண்டு வேலையும் இதுதான் பாக்கணும்” என்றான்.

“ரெண்டு வேலைக்கும் ஒரே அளவு ஆகாதுங்க தம்பி” என்றாள் தெய்வானை.

அது அவனுக்கும் தெரியும். ரோட்டில் போகிற காருக்குச் சக்கரம் ஏறக்குறைய நேராக நிற்க வேண்டும், தலை உள்பக்கமாக அரை டிகிரி சாய்ந்திருந்தால் போதும், அப்போதுதான் டயர் சமமாகத் தேயும், கையை விட்டாலும் வண்டி நேராகப் போகும். பந்தயத்தில் வேகமாக வளைவு திரும்பும்போது கார் வெளிப்பக்கம் சரியும், அந்தச் சரிவையும் சேர்த்து முன்கூட்டியே சக்கரத்தை மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைத்தால்தான் வளைவில் டயர் முழுசாகத் தரையில் படியும். அந்த மூன்று டிகிரியோடு தினமும் ஃபவுண்டரிக்குப் போனால் ரெண்டே மாசத்தில் டயரின் உள்விளிம்பு கம்பி தெரியத் தேய்ந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை தடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றுவது, திங்கட்கிழமை ரோட்டுக்கு ஏற்ற மாதிரி திருப்புவது என்று ரெண்டு பேரும் பேசி முடித்தார்கள்.

கார் மிகவும் தாழ்வாக இருந்ததால் மெஷின் மேடையில் ஏறவில்லை. தெய்வானை பழைய முறைப்படி ரெண்டு பக்கமும் ஸ்டாண்டு நட்டு நூல் கட்டினாள், டயர்களில் காற்றைச் சரிபார்த்தாள், அரை டேங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தாள், ஹரிகோவிந்தை ஓட்டுகிற சீட்டில் உட்காரச் சொன்னாள். ஓட்டுகிறவர் எடை இல்லாமல் அளந்தால் அது வேறொரு காரின் அளவு என்று சொன்னாள். பானெட்டைத் திறந்து, சஸ்பென்ஷன் தலையைப் பிடித்திருக்கிற நட்டுகளைத் தளர்த்தி, அதை உள்பக்கமாகத் தள்ளித் தள்ளி, சக்கரத்தில் ஒட்டிவைத்த ரசமட்டத்தில் குமிழி ஒரு டிகிரிக்கு வந்து, ரெண்டைத் தாண்டி, மூன்றில் நின்றபோது எதிர்வீட்டு வாசல் வழியாக ஒரு தக்காளி உருண்டு வந்து வீதியின் நடுவில் நின்றது. அதன் பின்னால் இன்னும் நாலு தக்காளி வந்தன. பிறகு ஒரு பித்தளைச் செம்பு வந்தது, அதன் பின்னால் செம்பைத் துரத்திக்கொண்டு அந்த வீட்டு அம்மாள் வந்தார்.

தெய்வானை நிமிர்ந்து பார்த்தாள். வீதியின் கிழக்கு வரிசை வீடுகளெல்லாம் மேற்கே சாய்ந்திருந்தன, மேற்கு வரிசை வீடுகளெல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன, மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கி, ரெண்டு வரிசை ஆட்கள் தலையைக் கிட்டே வைத்துப் பேசுவதுபோல் நின்றன. அவள் கடை மட்டும் சாயவில்லை, ஏனென்றால் அங்கே தரை மட்டமாக இருந்தது. அவள் சக்கரத்தை மறுபடி அரை டிகிரிக்குக் கொண்டுவந்தாள், வீடுகள் நிமிர்ந்தன. மூன்றுக்குக் கொண்டுபோனாள், சாய்ந்தன. எந்த அளவையும் மூன்று தடவை பார்ப்பது அவள் வழக்கம், அதன்படி மூன்று தடவை பார்த்தாள், மூன்று தடவையும் ஒன்றாகவே இருந்தது.

“தம்பி, உங்க வண்டியைச் சாய்ச்சா வீதியும் சாயுதுங்க.”

ஹரிகோவிந்த் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, “மூணு டிகிரியா?” என்று கேட்டான்.

“சரியா மூணுங்க.”

“நான் மத்தியானத்துக்குள்ள தடத்துல இருக்கணுங்க்கா” என்றான் அவன். தெய்வானை நட்டுகளை முடுக்கி அவனை அனுப்பிவிட்டு, வீதியின் நாற்பத்துமூன்று வீடுகளுக்கும் நடந்துபோய், இது திங்கட்கிழமை வரைக்கும் இப்படித்தான் இருக்கும், பாலை அடுப்பில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

முதல் ரெண்டு வாரம் சிரமமாகத்தான் இருந்தது. உருளுகிற சாமான்கள் எல்லாம் வாசலுக்கு வந்தன, வெங்காயமும் எலுமிச்சம்பழமும் கோலிக்குண்டும் வீதி நடுவில் சேர்ந்தன, எது யார் வீட்டு வெங்காயம் என்று கண்டுபிடிப்பதற்குள் மத்தியானச் சமையல் நேரம் தாண்டிப்போனது. மூன்றாவது வாரத்தில் மரக்கடைக்காரர் கட்டில் கால்களுக்கும் அடுப்புக்கும் மேசைக்கும் சரியாக மூன்று டிகிரிக்கு அறுத்த கட்டைகளைச் செய்து கொடுத்தார், அவற்றை வெள்ளிக்கிழமை செருகித் திங்கட்கிழமை உருவுவது, தினமும் தண்ணீர் பிடிப்பதுபோல் ஒரு வேலையாகிப்போனது. கட்டைகள் வருகிறவரைக்கும் தோசை ஒருபக்கம் தடியாகவும் மறுபக்கம் மொறுமொறுவென்றும் வந்தது, பிள்ளைகள் சாதாரண நாட்களிலும் அப்படியே வேண்டும் என்று கேட்டார்கள், தாய்மார்கள் அடுப்பின் ஒரு பக்கத்தில் கட்டையைச் செருகிச் சுட்டார்கள். மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் நிற்பது நின்றுபோனது. அந்த வருஷம் பிறந்த ரெண்டு குழந்தைகள் சாய்வான தரையிலும் சமமான தரையிலும் நடக்கப் பழகி, வேறு வீதிப் பிள்ளைகளைவிட ஒரு மாசம் முன்னாலேயே ஓட ஆரம்பித்தன. வீடு பார்க்க வருகிறவர்களிடம் தண்ணீர் ரெண்டு நாளைக்கு ஒருமுறை வரும், பந்தய வாரத்தில் வீடு சாயும் என்று ரெண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள், கேட்டவர்களும் தண்ணீரைப் பற்றித்தான் மேற்கொண்டு விசாரித்தார்கள்.

ஓவர்சீயர் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இம்மானுவேல் ஒன்பதாம் நம்பர் வீட்டில் இருந்தார். அவர் வெள்ளிக்கிழமைதோறும் தூக்குக்குண்டோடு வீதியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எங்கேயும் விரிசல் இல்லை என்று பிள்ளையார் கோவில் பலகையில் எழுதிப்போட்டுவிட்டுப் போவார். ஜனங்கள் அதைப் படித்துவிட்டுத் தூங்கினார்கள்.

இந்தச் சாய்வால் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் என்று சொல்ல வேண்டுமானால் பதினேழாம் நம்பர் வீட்டின் ரெண்டாவது மாடியில் இருந்த புஷ்பலீலாவையும், அதற்கு நேர் எதிரே பதினெட்டாம் நம்பர் வீட்டின் ரெண்டாவது மாடியில் இருந்த ஞானசேகரனையும்தான் சொல்ல வேண்டும். ரெண்டு பேரும் கணவன் மனைவி. ஞானசேகரன் டவுன் பஸ் கண்டக்டர், வீதியில் எல்லாரும் கண்டக்டரண்ணன் என்பார்கள். அவர்களுடைய ஒரே மகன் இளமாறன் பத்தொன்பது வயதில் பைக்கில் போய் விழுந்து இறந்துபோனான். பைக் வேண்டாம் வேண்டாம் என்று புஷ்பலீலா ஆறு மாசம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஞானசேகரன் வாங்கிக் கொடுத்தார். காரியம் முடிந்த பதினேழாம் நாள் அவள் அவருடைய துணிகளை மடித்து ஒரு பையில் வைத்து வாசலில் வைத்தாள். அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார், வேறு எங்கேயும் போகத் தெரியாமல் எதிர்வீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்தார். ஒன்பது வருஷமாக ஒருவர் வீட்டு விளக்கு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று மற்றவருக்குத் தெரியும், பேச்சு மட்டும் கிடையாது.

அந்த வீதி பன்னிரண்டடி அகலம்தான், ரெண்டு வீட்டுக்காரர்களும் பால்கனியை ஆளுக்கு நாலு நாலரை அடி வெளியே நீட்டிக் கட்டியிருந்தார்கள். சாதாரண நாளில் ரெண்டு பால்கனிக்கும் நடுவில் மூன்றரை அடி இருக்கும். வீடு மூன்று டிகிரி சாய்ந்தால் அது ஒரு அடியாகிவிடும். ஒரு அடி தூரத்தில் ஒருவரை ஒருவர் பார்க்காமல் துணி காயப்போடுவது என்பது சுலபமான காரியம் அல்ல. முதலில் புஷ்பலீலா பால்கனியில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்தாள். காற்றடித்தால் சேலை அவர் பக்கம் போனது, அவர் அதை எடுத்து அவள் கம்பியிலேயே திருப்பிப் போட்டார். அவருடைய காக்கிச் சட்டை பறந்து இந்தப் பக்கம் விழுந்தது, அவள் குச்சியால் எடுத்து அந்தப் பக்கம் போட்டாள். பிறகொரு வாரம் குச்சி கிட்டே இல்லாததால் கையாலேயே எடுத்துப் போட்டாள். அப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது, ஒரு சனிக்கிழமை காலையில் அவர் எதிர்ப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, அவருக்குப் பின்னால் சமையலறையில் நடப்பது அவளுக்குத் தெரிந்தது.

“பால் பொங்குது” என்றாள்.

அவர் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது. பத்து நிமிஷத்துக்குள் வீதி முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் யாரும் அதைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றைக்குத் துணி உலர்த்த வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள்கூடக் கொஞ்சம் ஓசைப்படாமல் உதறினார்கள்.

மாசி மாசத்தில் கடைசிப் பந்தயம் வந்தது. ஹரிகோவிந்த் புள்ளிகளில் ரெண்டாவதாக இருந்தான். தடத்தின் நீளமான கடைசி வளைவில் வெளிப்பக்க டயர் இன்னும் முழுசாகப் படியவில்லை, டயரின் சூட்டை அளந்து பார்த்தால் வெளிவிளிம்பு அதிகமாகச் சுடுகிறது என்று வந்து சொன்னான். நாலு டிகிரி வேண்டும் என்று கேட்டான்.

“எனக்கு வைக்கிறது ஒண்ணும் கஷ்டம் இல்லைங்க தம்பி. வீதியைக் கேக்கணும்” என்றாள் தெய்வானை.

புதன்கிழமை சாயங்காலம் பிள்ளையார் கோவில் முன்னால் எல்லாரும் கூடினார்கள். இம்மானுவேல் எழுந்து, மூன்று டிகிரியை இந்த வீடுகள் இருபத்தாறு தடவை தாங்கியிருக்கின்றன, நாலைத் தாங்குமா என்று தன்னால் எழுதிக் கொடுக்க முடியாது, ஆனால் தாங்காது என்றும் எழுதிக் கொடுக்க முடியாது என்றார். மரக்கட்டைகள் மூன்று டிகிரிக்குத்தான் அறுத்திருக்கின்றன என்று ஒருவர் சொன்னார், நடுவில் அட்டையை வைத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில் இம்மானுவேல்தான், நாலு டிகிரி என்றால் பதினேழும் பதினெட்டும் மேலே முட்டும், அதனால் அந்த ரெண்டு பேரும் சொல்லட்டும் என்றார்.

ஞானசேகரன், “எனக்கு ஒண்ணுமில்லைங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் புஷ்பலீலாவைப் பார்த்தார்கள். அவள் ஹரிகோவிந்தைப் பார்த்தாள். வண்டி என்றால் அவளுக்கு ஆகாது, ஒன்பது வருஷமாக எங்கே போனாலும் நடந்தோ பஸ்ஸிலோதான் போனாள்.

“நாலு வச்சா உனக்கு என்ன ஆகும்?” என்று கேட்டாள்.

“வளைவுல நல்லாப் பிடிச்சுக்குங்கம்மா. இப்பவிட நல்லா.”

“பிரேக்கு?”

ஹரிகோவிந்த் கொஞ்சம் யோசித்தான். “பிரேக் கொஞ்சம் குறையுங்க. நேராப் போறப்ப டயரோட உள்விளிம்பு மட்டுந்தான் தரையில இருக்கும். அதனால முன்னாடியே மிதிக்கணும்.”

“முன்னாடியே மிதிப்பியா?”

“மிதிப்பனுங்க.”

“பொய் சொல்லத் தெரியல இவனுக்கு. வைங்க” என்றாள் புஷ்பலீலா. கூட்டம் கலைந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தெய்வானை நாலு டிகிரி வைத்தாள். வீடுகள் மூன்றைத் தாண்டி இன்னும் கொஞ்சம் குனிந்தன, பதினேழாம் நம்பர் பால்கனிக் கம்பியும் பதினெட்டாம் நம்பர் பால்கனிக் கம்பியும் டங்கென்று ஒரு தடவை மோதி, அப்படியே ஒட்டி நின்றன. கீழே நின்றிருந்த இம்மானுவேல் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் புஷ்பலீலா பால்கனியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஞானசேகரனுக்கு அன்றைக்கு மத்தியான டூட்டி. அவர் டீ டம்ளரோடு வந்து நின்றார், பிறகு நாற்காலியைக் கம்பிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“லீலா.”

“சொல்லுங்க.”

“வண்டி வாங்கிக் குடுத்தது நாந்தான். நீ அன்னிக்குச் சொன்னது எல்லாம் சரிதான், அதுல நான் ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.”

அவள் தண்டைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“நீ கேக்காத ஒண்ணு இருக்குது. அந்த வாரம் புதன்கிழமை டூட்டி முடிஞ்சு வாரேன், மாறன் கீழ நின்னுட்டு இருந்தான். அப்பா, வண்டி இடது பக்கம் இழுக்குதுப்பான்னு சொன்னான். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, ரெண்டு பேரும் போய்க் காட்டிட்டு வரலாம்னு சொன்னேன். அவன் வெள்ளிக்கிழமை போயிட்டான்.”

டம்ளரைத் தரையில் வைத்தார். சாய்வில் அது நகரப் பார்த்தது, காலால் அணைத்துக்கொண்டார்.

“இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. போலீஸ்கிட்டயும் சொல்லல. நீ என்னைப் போகச் சொன்னப்ப, இது தெரியாமலே இவ்வளவு கோவம், தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்துட்டுதான் பேசாமப் போனேன்.”

புஷ்பலீலா மிச்சமிருந்த கீரையை எல்லாம் ஆய்ந்து முடித்தாள். தண்டை முறத்தில் ஒதுக்கினாள், கீரையைச் சட்டியில் அள்ளினாள், எழுந்து உள்ளே போனாள், பால்கனிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அன்றைக்கு முழுவதும் அது திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹரிகோவிந்த் மூன்றாவதாக வந்தான், பிரேக்கைச் சீக்கிரம் மிதித்ததில் ரெண்டு கார்கள் தாண்டிவிட்டன, மூன்றேகால் வைத்திருந்தால் போதுமாக இருந்திருக்கும் என்று தெய்வானைக்குப் போன் செய்து சொன்னான். அப்போதும் கதவு திறக்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் கார் அரை டிகிரிக்கு வந்தது, ரெண்டு கம்பிகளும் பிரிந்தன, நடுவில் மூன்றரை அடி வந்தது. ஞானசேகரன் அந்த மூன்று நாளும் டூட்டிக்குப் போனார், டிக்கெட் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், வீட்டுக்கு வந்து நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். எதிர்வீட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் புஷ்பலீலா தெய்வானையின் கடைக்கு வந்தாள். பத்து வீடு தள்ளி இருக்கிற கடைதான், ஆனால் அவள் அங்கே வந்ததே இல்லை. தெய்வானை ஒரு வேனுக்கு அடியிலிருந்து வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலை எடுத்துப் போட்டாள்.

“லீலாக்கா, உக்காருங்க.”

“ஒரு வண்டி இடது பக்கம் இழுத்தா ஆளு செத்துப்போவானா?”

வண்டி யாருடையது என்று தெய்வானை கேட்கவில்லை. “எவ்வளவு இழுத்துச்சுங்க?” என்று கேட்டாள்.

“தெரியாது. இழுக்குதுன்னு மட்டுந்தான் சொன்னானாம்.”

“எந்தப் பக்கம் விழுந்ததுங்க?”

“வலது பக்கம். ரோட்டு நடுவுல கட்டியிருக்கிற சுவத்துல.”

தெய்வானை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “டயர்ல காத்துக் கம்மியா இருந்தாலும் இழுக்கும். முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க் கோணியிருந்தாலும் இழுக்கும். காத்துன்னா பெரிசா ஒண்ணும் ஆகாது, ஃபோர்க்குன்னா ஆகலாம். இடது பக்கம் இழுக்கிற வண்டி வலது பக்கம் போய் மோதாதேன்னு சொல்லலாம். ஆனா இடது பக்கம் இழுக்கிற வண்டியை ஓட்டுறவங்க எப்பவும் வலது பக்கம் பிடிச்சுட்டேதான் ஓட்டுவாங்க, அதனால அப்படியும் சொல்ல முடியாதுங்க. வண்டி எங்க இருக்குது?”

“பழைய இரும்புக்குப் போட்டாச்சு. அப்பவே.”

“அப்ப இனி யாராலயும் சொல்ல முடியாதுங்க்கா.”

“வண்டியால இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எனக்காக.”

“அளக்காம நான் சொல்றதில்லைங்க்கா” என்றாள் தெய்வானை. அவள் குரலில் கடுமை இல்லை. “வண்டியாலதான்னும் சொல்ல மாட்டேன்.”

புஷ்பலீலா ஸ்டூலில் உட்கார்ந்தாள். வெளியே தள்ளுவண்டிக்காரர் கோலமாவு கூவிக்கொண்டு போனார். வேன்காரர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அப்புறம் வருவதாகக் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

“அப்ப அவருக்கும் தெரியாது” என்றாள் புஷ்பலீலா.

“தெரியாதுங்க.”

“தெரியாத ஒண்ணைத் தன்னாலதான்னு வச்சுக்கிட்டு ஒன்பது வருஷமா எதிர்ல உக்காந்திருக்காரு.”

தெய்வானை கை துடைத்த துணியை மடித்துத் தரையில் வைத்தாள்.

“நான் திட்டினப்பக்கூட, சரி இவ்வளவுதானே தெரியும் இவளுக்குன்னு நின்னிருக்காரு பாரு.” அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள், அழுதாள் என்று சொல்ல முடியாது, ஆனால் வெகுநேரம் துடைத்தாள். “அவன் வண்டி இழுக்குதுன்னு எங்கிட்டயும்தான் வந்து நின்னிருக்கலாம். நான் வண்டிப் பேச்சை எடுத்தாலே கத்துவேன்னு அவனுக்குத் தெரியும். அதனால எங்கிட்டச் சொல்லல.”

“அதுவும் அளக்க முடியாதுங்க்கா” என்றாள் தெய்வானை.

புஷ்பலீலா எழுந்தாள், வாசல் வரைக்கும் போனாள், அங்கே நின்று அந்தத் தம்பிக்கு அடுத்த பந்தயம் எப்போது என்று கேட்டாள்.

“இனி ஆனி மாசந்தானுங்க. சீசன் முடிஞ்சுபோச்சு. அதுவரைக்கும் வீதி நேராத்தான் நிக்கும்.”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள் அவனை வரச் சொல்லி நாலு வையி. அவரோட பீரோ படி வழியா இறங்காது. அந்த வீட்டுப் படி திருகலான படி, ஏத்தினப்பவே கயிறு கட்டித்தான் ஏத்தினாங்க, நான் ஜன்னல்ல இருந்து பாத்தேன். பால்கனி ஒட்டி நின்னா நேரா இந்தப் பக்கம் தள்ளிறலாம்.”

தெய்வானை அன்றைக்கே ஹரிகோவிந்துக்குப் போன் செய்தாள். அவன் எதற்கு என்று கேட்டான், ஒரு பீரோவுக்காக என்று அவள் சொன்னாள், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டான். வீதியில் யாரும் கூட்டம் போடவில்லை. இம்மானுவேல் கோவில் பலகையில், ஞாயிறு காலை எட்டு மணி முதல் நாலு டிகிரி, காரணம் வீடு மாற்றம், என்று எழுதிப்போட்டார். மரக்கடைக்காரர் இந்தத் தடவை நாலு டிகிரிக்குச் சரியாக அறுத்த கட்டைகளை எல்லா வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார்.

ஞானசேகரனுக்குப் பலகையைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. அவர் ரெண்டு தடவை படித்தார். பக்கத்தில் நின்றவரிடம் யார் வீடு மாறுகிறார்கள் என்று கேட்டார், அவர் இவருடைய தோளைத் தட்டிவிட்டுப் போனார். மாடியேறிப் போனபோது ஆறு நாளாகச் சாத்தியிருந்த எதிர்ப்பக்கக் கதவு திறந்திருந்தது, புஷ்பலீலா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டீங்களா, காலி பண்றதா?”

“இல்ல.”

“சொல்லிருங்க” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஹரிகோவிந்த் சீட்டில் உட்கார்ந்தான், தெய்வானை நட்டுகளைத் தளர்த்தினாள், வீடுகள் குனிந்தன, கம்பியோடு கம்பி ஒட்டியது. முதலில் பாத்திரங்கள் வந்தன, அவை மொத்தமே ஒரு கூடைதான். பிறகு பாய், நாற்காலி, காக்கிச் சட்டைகள், ஒரு டிரங்குப் பெட்டி. பீரோவை அந்தப் பக்கம் நாலு பேர் தூக்கிக் கம்பிமேல் வைத்தார்கள், இந்தப் பக்கம் நாலு பேர் ஏந்திக்கொண்டார்கள், கீழே வீதியில் நாற்பத்துமூன்று வீட்டு ஜனங்களும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள், இடது பக்கம் கொஞ்சம் தூக்கு, வலது பக்கம் இறக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், பீரோ ஒருமுறை கிறீச்சிட்டு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது. கடைசியாக ஞானசேகரன் மட்டும் அந்தப் பக்கம் நின்றார். படியிறங்கி வீதியைக் கடந்து மறுபடி படியேறி வரலாம் என்று அவர் திரும்பினார்.

“எதுக்குச் சுத்திட்டு, இப்படியே வாங்க” என்றாள் புஷ்பலீலா.

ஐம்பத்தேழு வயதில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கம்பியைத் தாண்டி மறு கம்பியைத் தாண்டி வந்தார், இம்மானுவேல் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தூக்கியவர்கள் எல்லாரும் மோர் குடித்துவிட்டுப் போனார்கள். ரெண்டு பேர் மட்டும் நின்றார்கள், கூடத்தில் பீரோவும் பெட்டியும் நாற்காலியும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன.

“இதையெல்லாம் எங்க வைக்கிறது?” என்று அவர் கேட்டார்.

அவள் சாமி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்தாள். கூடத்தின் வலது பக்கத்து அறைப் பூட்டை அவள் ஒன்பது வருஷமாகத் திறந்ததில்லை, சாவி திரும்பவில்லை, அவர் வாங்கி, சமையலறையிலிருந்து துளி எண்ணெய் கொண்டுவந்து விட்டு, மெதுவாகத் திருப்பினார்.

“அவன் ரூம்லயா?”

“வேற எங்க இடம் இருக்குது” என்றாள் அவள். அவருக்கு முன்னால் உள்ளே போய், முதலில் தெருப்பக்கத்து ஜன்னலைத் திறந்தாள்.